‘டீச்சரே போட்டிருக்கிறார்’: ஒரு நிதி மோசடியும் திருப்பிக் கொடுத்த பணமும்

நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் வட மாவட்ட ஊர் ஒன்றில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய நிகழ்வு இது. சம்பந்தப்பட்ட ஆசிரியையின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் நிறுவனத்தையும் குறிப்பிடவில்லை. நான் அவருக்குத் தூரத்து உறவு. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். முதலீட்டுக்கு மாதாமாதம் வந்த பணம் நின்ற பிறகு கணக்குகளைப் பிரித்து எழுத அவர் என்னைத்தான் அழைத்தார்.

நிதி மோசடிகளைப் பற்றிய செய்திகளில் ஏமாற்றியவர், ஏமாந்தவர் என்று இரண்டு தரப்புகளே வருகின்றன. ஏமாந்தபடியே பிறரையும் அழைத்துச் சென்றவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தகைய திட்டங்கள் ஓடுவதே அவர்களால்தான் என்பதால், அப்படிப்பட்ட ஒருவர் என்ன செய்தார் என்பதை முழுமையாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

பின்னணி

ஆசிரியை அரசு உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்தவர். கணவர் இல்லை, மகன் வெளியூரில் இருக்கிறார். ஓய்வூதியமும் பணிக்கொடையில் மிஞ்சிய தொகையும் அவர் கையில் இருந்தன. அந்த நேரத்தில் வங்கி வைப்புகளுக்கு மூத்த குடிமக்களுக்கே 6 சதவீதத்தைச் சுற்றித்தான் வட்டி கிடைத்தது. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 7.4 சதவீதம். வட்டியை நம்பிக் குடும்பம் நடத்திய பலருக்கும் அது நெருக்கடியான காலம்.

தங்க வணிகமும் அந்நியச் செலாவணி வணிகமும் செய்வதாகச் சொன்ன நிறுவனம் ஒன்று பக்கத்து நகரத்தில் கிளை திறந்தது. ஒரு லட்சம் போட்டால் மாதம் 8,000 ரூபாய், ஆண்டு முடிவில் முதலும் திரும்பி வரும் என்றார்கள். ஆள் சேர்ப்பவருக்கு அவர்கள் போடும் தொகையில் 2 சதவீதம் ஊக்கத்தொகை. ஆசிரியையை அழைத்துச் சென்ற ஏஜென்ட் அவரிடமே படித்த பழைய மாணவர்.

ஆசிரியை ஐந்து லட்சம் போட்டார். செப்டம்பர் 5ஆம் தேதி 40,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. அவருடைய ஓய்வூதியத்தைவிட அது அதிகம்.

பணம் வந்த மாதங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அவர் மூலமாக ஏழு குடும்பங்கள் சேர்ந்தன. பெரியம்மா மகன் 5 லட்சம், உடன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 5 லட்சம், தங்கை 8 லட்சம், ஆட்டோ ஓட்டும் முன்னாள் மாணவர் 2 லட்சம், பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருப்பவர் ஒரு லட்சம், தெருமுனையில் பூ விற்கும் அம்மாள் ஒன்றரை லட்சம், கடைசியாக அவர் வீட்டில் வேலை செய்யும் பெண் 50,000. மொத்தம் 23 லட்சம். ஆசிரியைக்கு வந்த ஊக்கத்தொகை 46,000 ரூபாய்.

இவர்களில் யாரையும் அவர் வற்புறுத்தவில்லை. கேட்டவர்களிடம் ‘எனக்கு மாதாமாதம் வருகிறது’ என்று சொன்னார். அது உண்மை. ஊக்கத்தொகையைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சேரும்போது அவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாததால் யாரும் கேட்கவும் இல்லை.

கவனித்தவை

பணம் நின்ற பிறகு ஏழு பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். நிறுவனத்தின் அலுவலகத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களைச் சேரத் தூண்டியது ஒரே காரணம்: டீச்சரே போட்டிருக்கிறார். கணக்கு வாத்தியார் அம்மா, யாரிடமும் பத்து ரூபாய் கைமாற்று வாங்காதவர், அவர் பார்க்காமலா போட்டிருப்பார் என்று பூக்காரம்மா என்னிடம் கேட்டார். அந்த ஊரில் நிறுவனத்துக்கு இருந்த உண்மையான முதலீடு ஆசிரியையின் நற்பெயர்தான்.

‘பாண்டு’ என்று எல்லோரும் சொன்ன காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். நூறு ரூபாய் முத்திரைத்தாள். அதில் வைப்புத்தொகை என்ற சொல்லே கிடையாது. பணம் கொடுப்பவர் ‘தன் சொந்த விருப்பத்தின் பேரில், தொழில் அபிவிருத்திக்காக’ கடனாகக் கொடுப்பதாக எழுதியிருந்தது. மாதம் 8 சதவீதம் என்பதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை. அது ஒரு துண்டறிக்கையிலும் ஏஜென்டின் வாயிலும் மட்டும் இருந்தது. வைப்பு என்ற பெயரைத் தவிர்த்துவிட்டால் சட்டத்திலிருந்து தப்பலாம் என்ற பழைய கணக்கு இது. ஆனால் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், திருப்பித் தருவதாகச் சொல்லி முன்பணம், கடன் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் அதை வைப்பாகத்தான் பார்க்கிறது.

அலுவலகச் சுவரில் கம்பெனிப் பதிவுச் சான்றிதழையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்களாம். ‘கவர்மென்ட் சர்டிபிகேட்’ இருந்ததே என்றார் தையல் கடைக்காரர். கம்பெனியாகப் பதிவுசெய்வது வேறு, பொதுமக்களிடம் வைப்பு வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெறுவது வேறு. அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வைப்புக்கு வட்டி தரக்கூடாது. இங்கே வாக்களித்ததோ ஆண்டுக்கு 96 சதவீதம். முதலையும் சேர்த்தால், ஒரு லட்சத்தை வாங்கி ஒரே ஆண்டில் 1,96,000 ரூபாயாகத் திருப்பித் தர வேண்டும். இந்தப் பெருக்கலை ஆசிரியை கரும்பலகையில் ஆயிரம் தடவை போட்டிருப்பார். தன் பணத்துக்குப் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். “முதல் மாதம் பணம் வந்துவிட்டது தம்பி. வந்த பிறகு கணக்குப் போடத் தோன்றவில்லை” என்றார்.

என்னை மிகவும் உலுக்கிய விஷயம் வேறு. யார் போட்டதில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்த்தேன். ஆசிரியைக்கு ஒன்பது மாதம், 3,60,000 ரூபாய்; அதாவது 72 சதவீதம். டிசம்பரில் சேர்ந்த தங்கைக்கு 40 சதவீதம். மார்ச்சில் சேர்ந்த பூக்காரம்மாவுக்கு இரண்டு மாதம், 24,000 ரூபாய், 16 சதவீதம். ஏப்ரலில் சேர்ந்த வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரே ஒரு 4,000 ரூபாய், 8 சதவீதம். அவர்கள் இருவரும்தான் மிக எச்சரிக்கையாக இருந்தவர்கள். ஆசிரியைக்கு மாதாமாதம் பணம் வருகிறதா என்று அரை ஆண்டுக்கு மேல் பார்த்துவிட்டு, அதன் பிறகே துணிந்தார்கள். பார்த்துப் பொறுத்திருந்ததே அவர்களைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியது. பேராசைக்காரர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வேலைக்காரப் பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஏப்ரலிலிருந்து சில மாற்றங்கள் இருந்திருக்கின்றன. 5ஆம் தேதி வந்த பணம் 12ஆம் தேதி வந்தது. வங்கிக் கணக்கில் வந்தது ரொக்கமாகக் கைக்கு வந்தது. மே மாதம் ஆள் சேர்ப்பவர்களுக்கு ஊக்கத்தொகை 4 சதவீதம் என்று அறிவித்தார்கள். நிறுவனத்தில் ரொக்கம் வற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

ஏஜென்ட் சொன்ன வழி

2022 மே மாதக் கடைசியில் ஏஜென்ட் ஆசிரியையின் வீட்டுக்கு வந்தார். ஆசிரியை என்னிடம் சொன்னபடி எழுதுகிறேன்.

“டீச்சர், அடுத்த மாதம் கொஞ்சம் தாமதம் ஆகும். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். புதிதாக ஐந்து லட்சம் போடுகிறவர் ஒருவரைக் கூட்டிவாருங்கள். அந்தப் பணத்தைக் கம்பெனிக்கு அனுப்பாமல் உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். உங்கள் பாண்டை அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.”

அப்படி ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கையில் ஐந்து லட்சத்தை வைத்துக்கொண்டு ‘என்னையும் சேர்த்துவிடுங்கள்’ என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு போன் போதும்.

“அப்படியானால் இத்தனை மாதம் எனக்கு வந்தது யாருடைய பணம்?” என்று ஆசிரியை கேட்டிருக்கிறார்.

“அதெல்லாம் இப்போது எதற்கு டீச்சர்? உங்கள் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.”

அந்தப் பையன் கெட்ட எண்ணத்தோடு அதைச் சொன்னதாக ஆசிரியை நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. தன் ஆசிரியைக்கு மட்டுமாவது நல்லது செய்ய நினைத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த நல்லது அதுவாக இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று இரவே எனக்கு போன் செய்தார். “இதில் தப்பு இருக்கிறதா என்று கேட்க உன்னைக் கூப்பிடவில்லை. தப்பு என்று தெரிகிறது. அடுத்து என்ன செய்வது என்று சொல்” என்றார். தலைமையாசிரியையைச் சேர்ப்பதில்லை என்ற முதல் முடிவை அவர் ஏற்கெனவே எடுத்திருந்தார். மறுநாள் அவரை அழைத்து, இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லிவிட்டார்.

மற்ற ஏழு பேரிடம் எப்போது சொல்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் ‘வதந்தி பரப்புகிறவர்களின் கணக்கு முடக்கப்படும்’ என்று ஒரு குரல் பதிவு வந்திருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் வரவேண்டிய ஒன்றிரண்டு மாதப் பணமும் வராமல் போகலாம், ஏழு பேருமே ஆசிரியையைத்தான் சபிப்பார்கள் என்று மகன் பயந்தார். தனித்தனியாகச் சொல்லாமல், எல்லோரையும் ஒரே நாளில் கூட்டி ஒரே செய்தியைச் சொல்லலாம் என்பது என் யோசனை. ஆளுக்கொரு விதமாகக் காதில் விழுந்தால் சந்தேகம் வளரும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் ஏழு குடும்பத்தாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஏஜென்ட் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார். அதன் பிறகு, யாரும் கேட்காமலே, ஊக்கத்தொகை வாங்கியதையும் சொன்னார். யார் யாருக்காக எவ்வளவு வாங்கினார் என்ற பட்டியலையும் படித்தார்.

அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டாம் என்று மகன் தடுத்துப் பார்த்தார். “அம்மா, நீயும் ஏமாந்தவள்தான். நீயே ஏன் ஏஜென்ட் பட்டத்தைச் சூட்டிக்கொள்கிறாய்?” என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. 2019 சட்டத்தின்படி, பொய்யான வாக்குறுதியால் ஆளைத் தூண்டுவது குற்றமாவது ‘தெரிந்தே’ செய்யும்போது. ஆசிரியைக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன பதில் எனக்குச் சரியாகப்பட்டது: “தெரிந்து செய்யவில்லை என்பது போலீசுக்கு. இவர்களுக்கு நான் சொல்லாமல் விட்டது வேறு. அதை எனக்குச் சொல்லத் தோன்றவில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.”

ஜூன் மாதம் பணம் வரவில்லை. மூன்றாவது வாரத்தில் கிளை பூட்டப்பட்டது. ஏழு பேரும் ஆசிரியையும் சேர்ந்து காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தார்கள். புகாரிலேயே தாம் பெற்ற ஊக்கத்தொகையையும் ஆசிரியை எழுதிக்கொடுத்தார். 1990களில் நிதி நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தபோது கொண்டுவரப்பட்ட, 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. நிறுவனத்தாரின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியாக ஏலம் விட்டு, வந்ததைப் போட்டவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பது இச்சட்டத்தின் வழி. எவ்வளவு கிடைக்கும் என்பது அகப்படும் சொத்தைப் பொறுத்தது. ஆண்டுகள் பிடிக்கும்.

அடுத்தது பணத்தைத் திருப்பித் தருவது. 46,000 ரூபாயில் சிக்கல் எதுவும் இல்லை. யார் போட்டதற்காக வந்ததோ அவருக்கே அந்த 2 சதவீதம் போய்ச் சேர வேண்டும். ஆனால் வட்டியாக வந்த 3,60,000? அது பின்னால் சேர்ந்த யாரோ போட்ட பணம். எந்த ஊர்க்காரர் பணம் என்றுகூடச் சொல்ல முடியாது. அதே சமயம் ஆசிரியை போட்டது ஐந்து லட்சம். எல்லாவற்றையும் சேர்த்தாலும் 94,000 ரூபாய் அவருக்கும் நஷ்டம். நஷ்டப்பட்டவர் ஏன் தர வேண்டும் என்று கேட்டால் சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை.

அவர் தானே ஒரு வழி வகுத்துக்கொண்டார். தன் பெயரை மட்டுமே நம்பி, வேறு எதையும் விசாரிக்க வசதி இல்லாமல் போட்டவர்களுக்கு முழுமையும் தருவது. அலுவலகத்தை நேரில் பார்க்கவும், மகன்களிடமும் ஆடிட்டரிடமும் கேட்கவும் வாய்ப்பிருந்தவர்களுக்கு ஊக்கத்தொகையை மட்டும் தருவது. அந்தக் கணக்கில் பூக்காரம்மாவும் வேலைக்காரப் பெண்ணும் வந்தார்கள். பூக்காரம்மா சங்கிலியை 1,10,000 ரூபாய்க்கு அடகு வைத்து, சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்துப் போட்டவர். அடகு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

கையில் ரொக்கமாகக் கொடுத்து முடித்துவிடலாம் என்று ஆசிரியை நினைத்தார். நான் ஒப்பவில்லை. வங்கி வழியாகவே போக வேண்டும், எதற்காக என்று ஒரு காகிதம் இருக்க வேண்டும், விசாரணை அதிகாரிக்கும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வாயடைக்கக் கொடுத்த பணம் என்று ஒரு பேச்சு கிளம்பும். ஒரு வழக்கறிஞரும் அதையே சொன்னார்.

பின்விளைவு

2022 ஜூலை முதல் வாரத்தில் 46,000 ரூபாய் ஏழாகப் பிரிந்து போனது. அந்த மாத முடிவுக்குள் அஞ்சலக வைப்பு ஒன்றை உடைத்து, பூக்காரம்மாவுக்கு 1,23,000 ரூபாயும் வேலைக்காரப் பெண்ணுக்கு 45,000 ரூபாயும் கொடுத்தார். ஏற்கெனவே வந்த வட்டியும் ஊக்கத்தொகையும் போக மீதி அது. சங்கிலி அன்றே மீண்டது.

நீதிமன்றம் வழியாகப் பின்னால் ஏதாவது கிடைத்தால் அந்த இருவரும் ஆசிரியைக்குத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கலாம் என்றேன். மறுத்துவிட்டார். அதில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. பூக்காரம்மாவே எழுதித் தரத் தயாராக இருந்தார்.

ஆட்டோ ஓட்டும் மாணவர் 4,000 ரூபாயை வாங்க மறுத்தார். ஸ்டாண்டில் அவரும் சிலரைச் சேர்த்து ஊக்கத்தொகை வாங்கியிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆசிரியை விடவில்லை. “நீ வாங்கிக்கொள். வாங்கினால்தான் நீ கொடுக்க வேண்டியதைப் பற்றிப் பேச முடியும்” என்றார். அவர் சிலருக்குக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன், எல்லோருக்கும் கொடுக்கவில்லை.

தங்கையோடு பேச்சு முறிந்தது. அவருக்கு நஷ்டம் 4,80,000 ரூபாய். ஊக்கத்தொகையாக வந்தது 16,000. “கூடப் பிறந்தவளைவிட வேலைக்காரி உனக்குப் பெரிதாகப் போய்விட்டாளா அக்கா?” என்று கேட்டார். அவர் கோபத்தை அற்பமாக நினைக்க முடியாது. எட்டு லட்சமும் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தது. வசதி இருந்தது, விசாரித்திருக்கலாம் என்று ஆசிரியை போட்ட கோடு காகிதத்தில் நேராக இருக்கிறது. அக்கா சொன்னதை ஆடிட்டரிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்க எந்தத் தங்கைக்குத்தான் தோன்றும்?

ஏஜென்டாக இருந்த மாணவர் கைதாகி, பிணையில் வந்தார். அவர் சேர்த்த மற்ற முதலீட்டாளர்கள் அவர் வீட்டின் முன் கூடிய நாளில், அவருடைய தாயாரைத் தன் வீட்டில் தங்கவைத்துக்கொண்டார் ஆசிரியை. அதற்காகவும் திட்டு வாங்கினார்.

மாற வேண்டியவை

ஊக்கத்தொகையை வாங்கிய நாளிலேயே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். பெரியம்மா மகன், ‘உனக்கு ஏன் அவன் பணம் தருகிறான் என்று கேட்டிருப்பேன்’ என்றார். அந்த ஒரு கேள்வி போதுமானது. யாரையாவது எதிலாவது சேர்க்கும்போது நமக்கு ஒரு பைசா வருமென்றாலும் அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். காப்பீட்டு முகவர், நிலத் தரகர், அலைபேசிச் செயலியின் பரிந்துரை இணைப்பை அனுப்பும் இளைஞர் என்று எல்லோருக்கும் இது பொருந்தும். சொல்லக் கூச்சமாக இருக்கிறதென்றால், அந்தக் கூச்சத்தை அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும்.

பணம் வருகிறது என்பது சான்று ஆகாது. இத்தகைய திட்டங்களில் முதல் சில மாதங்கள் பணம் சரியாக வரத்தான் செய்யும். அதைக் காட்டித்தான் அடுத்த ஆளைப் பிடிக்கிறார்கள். கொங்குப் பகுதியில் 2012இல் சரிந்த ஈமு பண்ணைத் திட்டங்களிலும் தொடக்கத்தில் மாதத் தொகை ஒழுங்காக வந்தது. கேட்க வேண்டியது, வைப்பு வாங்க இவர்களுக்கு அனுமதி கொடுத்தது யார் என்பதை. ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் அதைப் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். இதை அறியாதவர்களுக்குப் பார்த்துச் சொல்வது, ஊரில் நாலு பேர் நம்பிக் கேட்கும் ஆசிரியர், தபால்காரர், வங்கி ஊழியர் போன்றவர்களின் பொறுப்பு. ‘எனக்கு வருகிறது’ என்று அவர்கள் சொன்னால் அது தகவலாகப் போய்ச் சேருவதில்லை. உத்தரவாதமாகத்தான் போய்ச் சேருகிறது.

புகார் கொடுக்கும் விஷயத்தில் கூடத்தில் கூடிய ஞாயிறே அதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கிளை பூட்டும் வரை காத்திருந்த அந்த மூன்று வாரங்களில் பக்கத்து ஊர்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஏழு பேரைப் பற்றியே யோசித்தோம். முகம் தெரியாதவர்கள் நினைவுக்கு வரவில்லை.

வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. முதலீட்டாளர்களிடமிருந்து அசல் பாண்டுகளின் நகல், வங்கிக் கணக்கு விவரம், பெற்ற வட்டியின் கணக்கு ஆகியவற்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆசிரியை தன் கோரிக்கையில் வந்த வட்டியையும் ஊக்கத்தொகையையும் கழித்துவிட்டு 94,000 ரூபாய் மட்டுமே குறிப்பிட்டிருக்கிறார். தங்கைக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் ஓய்வூதியத்திலிருந்து அனுப்ப முன்வந்தார். தங்கை இன்னும் வங்கிக் கணக்கு எண்ணைத் தரவில்லை.